மஞ்சள் என்னங்க போச்சு? நாற்பது விலைகளில் இருந்து ஒரு நிகழ்வெண் அட்டவணை

ஈரோட்டில் மஞ்சள் ஏலம் முடிந்த அன்று சாயங்காலம் யாரைக் கேட்டாலும் பதில் ஒரே மாதிரிதான் வரும். "மஞ்சள் என்னங்க போச்சு?" "பதினாலாயிரத்து அறுநூத்தைம்பது போச்சுங்க." மறுநாள் செய்தித்தாளில் இன்னொரு எண் கூடும்: விரலி மஞ்சள் குவிண்டால் இத்தனை ரூபாய் முதல் இத்தனை ரூபாய் வரை, கிழங்கு மஞ்சள் இத்தனை முதல் இத்தனை வரை. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்கள் என்று நான்கு இடத்துக்கும் இப்படி ஒரு 'முதல்', ஒரு 'வரை'. செய்தி அதோடு முடிந்தது.

இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு ஊரே கணக்குப் போடுகிறது. குறைந்த விலையையும் கூடின விலையையும் கூட்டி இரண்டால் வகுத்து, "நடுத்தரமா இவ்வளவு கிடைக்கும்" என்று மனதில் ஒரு தொகையை வைத்துக்கொண்டு வண்டி ஏற்றுகிறவர்கள் உண்டு. உச்ச விலையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, நம் சரக்குக்கு ஏன் அது கிடைக்கவில்லை என்று வியாபாரியைத் திட்டுகிறவர்களும் உண்டு. அந்த உச்ச விலை ஒரே ஒரு லாட்டுக்கு (ஏலத்தில் ஒன்றாக விலை போகும் சரக்குக்கு) கிடைத்ததா, பாதிச் சரக்குக்குக் கிடைத்ததா? 'முதல்–வரை' செய்தி அதைச் சொல்லவே சொல்லாது. இரண்டு ஓரமும் தெரியும். நடுவில் சரக்கு எங்கே குவிந்தது என்று தெரியாது.

அந்த நடுப்பகுதியைக் காட்டுவதற்கான கருவிதான் நிகழ்வெண் பரவல் அட்டவணை: எந்த விலைக்குள் எத்தனை லாட் என்று எண்ணிக் காட்டுவது. பள்ளியிலேயே படித்த விஷயம். ஆனால் அங்கே கட்டம் போட்டு நிரப்புகிற வேலையாக அதைக் கடந்துவிடுகிறோம். பிரிவுகளைக் கேள்வித்தாளே கொடுத்துவிடும். நாம் எண்ணி எழுதினால் ஐந்து மதிப்பெண். உண்மையில் கஷ்டமான பாதி, பிரிவுகளை யார், எப்படி முடிவு செய்தார்கள் என்பதில் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

## குவியல் போடுவது

பொள்ளாச்சிப் பக்கம் களத்தில் தேங்காய் பிரிப்பதைப் பார்த்திருந்தால் இந்த அட்டவணையின் அடிப்படை ஏற்கெனவே தெரியும். பிரிக்கிறவர் ஒவ்வொரு காயையும் தராசில் வைத்து எடை எழுதுவதில்லை. பெரிய காய் ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், பொடிக்காய் ஒரு குவியல். அப்புறம் ஒவ்வொரு குவியலிலும் எத்தனை என்று எண்ணுவார். எண்ணி முடித்தபின் ஒரு குறிப்பிட்ட காயின் எடை என்ன என்று அவரைக் கேட்டால் தெரியாது. ஆனால் அந்தத் தோப்பின் காய்ப்பு எப்படி என்று உடனே சொல்லிவிடுவார்.

அட்டவணையும் இதே கொடுக்கல் வாங்கல்தான். தனித்தனி எண்களை விட்டுக்கொடுக்கிறோம், மொத்தத்தின் வடிவத்தை வாங்கிக்கொள்கிறோம்.

## நாற்பது லாட்

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். கீழே இருப்பவை எந்த நாளின் உண்மை ஏல விலையும் அல்ல, விளக்குவதற்காக எழுதிக்கொண்டவை. நாற்பது லாட், ஒவ்வொன்றும் குவிண்டாலுக்கு என்ன விலை போனது என்று ரூபாயில்:

12,419 – 9,350 – 10,609 – 13,150 – 8,920 – 12,000 – 9,789 – 11,689

9,120 – 12,720 – 13,850 – 10,229 – 12,199 – 9,589 – 14,199 – 10,000

11,069 – 12,899 – 9,279 – 13,460 – 8,850 – 12,360 – 10,900 – 9,660

13,049 – 9,999 – 12,250 – 11,950 – 10,480 – 12,579 – 9,419 – 14,650

8,989 – 13,619 – 12,089 – 9,500 – 11,340 – 12,500 – 10,150 – 13,289

இப்படி வந்த வரிசையிலேயே, எந்த ஒழுங்கும் இல்லாமல் கிடக்கும் எண்களுக்குச் செப்பனிடாத தரவு என்று பெயர். ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஏதாவது தெரிகிறதா? எனக்கும் தெரியவில்லை. மனிதக் கண்ணுக்கு ஏழெட்டு எண்ணுக்கு மேல் போனால் எல்லாம் எறும்பு வரிசைதான்.

வரிசைப்படுத்தி எழுதினால் கொஞ்சம் தெளியும். நாற்பது எண்ணுக்கு அதைச் செய்யலாம். நானூறு லாட் வந்த நாளில் வரிசைப்படுத்தின பட்டியலும் இன்னொரு எறும்பு வரிசையாகத்தான் இருக்கும்.

## முதலில் வீச்சு

எடுத்தவுடன் இரண்டு எண்களைத் தேட வேண்டும். மிகச் சிறியது 8,850. மிகப் பெரியது 14,650. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5,800. இதுதான் வீச்சு.

செய்தித்தாள் கொடுக்கும் 'முதல்–வரை' இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. நமக்கு இது வேலையின் தொடக்கம் மட்டுமே: 5,800 ரூபாய் நீளமுள்ள ஒரு பட்டையைத் துண்டு போட வேண்டும்.

## எத்தனை துண்டு?

ஒவ்வொரு துண்டுக்கும் பிரிவு என்று பெயர். ஒரு பிரிவு எத்தனை ரூபாயை அடக்குகிறதோ அது பிரிவு அளவு. பிரிவுகள் கூடினால் பிரிவு அளவு குறையும், பிரிவுகள் குறைந்தால் அளவு கூடும்.

பத்துப் பிரிவு போட வேண்டும் என்று பலர் மனதில் ஒரு விதி இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்றால், பாடப் புத்தகத்தில் மதிப்பெண்களை 0–10, 10–20 என்று பிரித்த கணக்கில் இருந்து. அது நூறு மதிப்பெண்ணுக்கு வசதியான வெட்டு, அதற்கு மேல் அதில் விதி எதுவும் இல்லை.

இரண்டு ஓரத்தையும் முயன்று பார்த்தால் விஷயம் புரியும். பிரிவு அளவு 100 ரூபாய் என்று வைத்தால், 8,800-ல் தொடங்கி 14,700-ல் முடிய 59 பிரிவு வரும். இருப்பது 40 லாட். பாதிக்கு மேற்பட்ட கட்டங்களில் பூஜ்யமோ ஒன்றோதான் இருக்கும். பழைய எறும்பு வரிசையையே கட்டம் போட்டு எழுதின மாதிரி ஆகிவிடும். மாறாக, 3,000 ரூபாய் அளவு வைத்து 6,000-ல் தொடங்கினால் மூன்றே பிரிவு: 6,000–9,000-ல் 3 லாட், 9,000–12,000-ல் 19, 12,000–15,000-ல் 18. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் "பாதி கீழே, பாதி மேலே" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

நடுவில் எங்கே நிற்பது என்பதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: எத்தனை எண் இருக்கிறதோ அதன் வர்க்கமூலம். 40-க்கு வர்க்கமூலம் கிட்டத்தட்ட 6.3. ஆக ஆறு அல்லது ஏழு பிரிவு. ஸ்டர்ஜஸ் என்ற அமெரிக்கர் 1926-ல் சொன்ன சூத்திரம் ஒன்றும் இருக்கிறது: எண்ணிக்கையின் மடக்கையை (பத்தை அடிமானமாகக் கொண்ட லாக்) 3.322-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். அதுவும் 40-க்கு 6.3 என்றே கொடுக்கும். நானூறு எண்ணுக்குப் போனால் இரண்டும் பிரிந்துவிடும். வர்க்கமூலம் 20 என்னும், ஸ்டர்ஜஸ் 10 போதும் என்பார். இரண்டு பேரும் யோசனைதான் சொல்கிறார்கள், உத்தரவு போடவில்லை. பொதுவாக ஐந்துக்குக் கீழும் பதினைந்துக்கு மேலும் போகாமல் இருந்தால் நல்லது.

சரி, வீச்சு 5,800-ஐ ஆறால் வகுத்தால் 967 வரும். 967 ரூபாய் அளவில் யாரும் பிரிவு போட மாட்டார்கள். மஞ்சள் விற்கிறவர் எப்படி நினைக்கிறாரோ, அட்டவணையும் அப்படியே இருக்க வேண்டும். "ஒன்பதாயிரச் சொச்சம்", "பன்னிரண்டாயிரச் சொச்சம்" என்றுதானே பேச்சு. ஆகவே பிரிவு அளவு 1,000. வகுத்து வந்த விடையை இப்படி வசதியான எண்ணுக்கு நகர்த்தும்போது எப்போதும் மேல்நோக்கியே நகர்த்துங்கள். கீழே இறக்கினால் கடைசியில் ஓரிரு எண்களுக்கு இடம் இல்லாமல் போய்விடும்.

தொடங்கும் இடம் 8,850 ஆக இருக்க வேண்டியதில்லை. அதற்குக் கீழே உள்ள முழு ஆயிரம் 8,000. அங்கிருந்து ஆயிரம் ஆயிரமாக ஏறினால் 15,000-க்கு ஏழு பிரிவில் போய்ச் சேர்கிறோம்.

இதுவரை செய்தது இவ்வளவு: சிறியது, பெரியது பார்த்தோம், வீச்சு 5,800 என்று கண்டோம், ஆறேழு பிரிவு போதும் என்று முடிவு செய்தோம், 8,000-ல் தொடங்கி ஆயிரம் ரூபாய்ப் பிரிவுகளாக வெட்டினோம். இன்னும் ஒரு லாட்டைக்கூட எண்ணவில்லை.

## பத்தாயிரம் எந்தப் பக்கம்?

எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு தகராறைத் தீர்த்துவிட வேண்டும். நம் பட்டியலில் சரியாக 10,000 ரூபாய்க்கு ஒரு லாட் இருக்கிறது. அது 9,000–10,000 என்ற பிரிவிலா, 10,000–11,000 என்ற பிரிவிலா? இரண்டிலும் எழுதினால் 40 லாட் 41 ஆகிவிடும். சௌகரியப்படி ஒரு தடவை அங்கேயும் ஒரு தடவை இங்கேயும் போட்டால் அட்டவணையை யாரும் நம்ப முடியாது.

ஒரு பிரிவு தொடங்கும் எண் அதன் கீழ் எல்லை, முடியும் எண் மேல் எல்லை. வழக்கமான ஏற்பாடு இது: கீழ் எல்லை உள்ளே, மேல் எல்லை வெளியே. அதாவது 9,000–10,000 என்றால் 9,000 முதல் 10,000-க்கு முன்பு வரை. 9,999 இதில் சேரும். 10,000 அடுத்த பிரிவுக்குப் போய்விடும். இந்த வகைக்கு விலக்கிய தொடர் என்று பாடப் புத்தகத்தில் பெயர்.

இன்னொரு வகையில் இரண்டு எல்லையும் உள்ளேயே இருக்கும். அது உள்ளடக்கிய தொடர். இதற்கு நாமக்கல் முட்டை நல்ல உதாரணம். அக்மார்க் தரப் பிரிவில் பெரிய முட்டை என்றால் 53 முதல் 59 கிராம், நடுத்தரம் என்றால் 45 முதல் 52 கிராம். 52-ம் உள்ளே, 53-ம் உள்ளே. எடையை முழு கிராமாக எழுதுகிறவரை ஒரு சிக்கலும் இல்லை. எலக்ட்ரானிக் தராசு 52.6 என்று காட்டினால்? அந்த முட்டைக்கு இரண்டு கட்டத்திலும் இடம் இல்லை. அதனால் கணக்குப் போடும்போது இடையில் உள்ள ஒரு கிராம் இடைவெளியை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுவிடுவார்கள். 44.5–52.5, 52.5–59.5 என்று எல்லைகள் ஒட்டிக்கொள்ளும், 52.6 பெரிய முட்டையில் சேரும். எடை, உயரம், நேரம், வெப்பம் போலப் புள்ளிக்குப் பின்னாலும் எண் வரக்கூடிய எதற்கும் முதல் வகையையே வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி கிடையாது.

எந்த வகையை எடுத்தாலும் அட்டவணைக்கு அடியில் ஒரு வரி எழுதிவைப்பது நல்ல பழக்கம். பலர் எழுதுவதில்லை.

## கோடு போட்டு எண்ணுவது

இனி எண்ணலாம். இங்கே நிறையப் பேர் செய்வது என்னவென்றால், முதல் பிரிவை எடுத்துக்கொண்டு பட்டியல் முழுக்க 8,000-க்காரர்களைத் தேடுவார்கள், அப்புறம் மறுபடி முதலில் இருந்து 9,000-க்காரர்களைத் தேடுவார்கள். ஏழு பிரிவுக்கு ஏழு முறை பட்டியலை மேய வேண்டும், நடுவில் ஒன்றிரண்டு தப்பிப் போகும்.

தலைகீழாகச் செய்யுங்கள். பட்டியலை ஒரே முறை, வந்த வரிசையில் படியுங்கள். 12,419: பன்னிரண்டாயிரப் பிரிவுக்கு எதிரே ஒரு கோடு. 9,350: ஒன்பதாயிரத்துக்கு ஒரு கோடு. 10,609, பத்தாயிரத்துக்கு. 13,150, பதின்மூன்றாயிரத்துக்கு. படித்த எண்ணைப் பென்சிலால் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கு நேர்க்கோடு சேர்ந்தபின் ஐந்தாவது கோட்டை நான்கின் மேலும் குறுக்காகப் போட வேண்டும். ஐந்தைந்து கட்டாக இருந்தால் கடைசியில் எண்ணுவது சுலபம். இவற்றை நேர்க்கோட்டுக் குறிகள் என்பார்கள்.

ஒரு பிரிவில் எத்தனை லாட் விழுந்ததோ அந்த எண்ணிக்கைதான் நிகழ்வெண். பழைய புத்தகங்களில் அலைவெண் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

| விலைப் பிரிவு (ரூபாய்) | நிகழ்வெண் (லாட்) | அதுவரை மொத்தம் |
|---|---|---|
| 8,000–9,000 | 3 | 3 |
| 9,000–10,000 | 9 | 12 |
| 10,000–11,000 | 6 | 18 |
| 11,000–12,000 | 4 | 22 |
| 12,000–13,000 | 10 | 32 |
| 13,000–14,000 | 6 | 38 |
| 14,000–15,000 | 2 | 40 |

(கீழ் எல்லை உள்ளே, மேல் எல்லை வெளியே.)

நடுப் பத்தியைக் கூட்டினால் 40 வர வேண்டும். வந்திருக்கிறது. 39 வந்தால் ஒன்றை விட்டிருக்கிறோம், 41 வந்தால் ஒன்றை இரண்டு தடவை எண்ணியிருக்கிறோம். ஆனால் 40 வந்தாலே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஒரு கோட்டைப் பக்கத்துப் பிரிவில் போட்டிருந்தாலும் கூட்டுத்தொகை மாறாது.

கடைசிப் பத்தியில் இருப்பது குவிவு நிகழ்வெண்: மேலிருந்து அந்தப் பிரிவு முடிய மொத்தம் எத்தனை. 12,000-க்குக் கீழே 22 லாட் என்று அது நேராகச் சொல்கிறது.

## இப்போது படிக்கலாம்

சாயங்காலப் பேச்சில் அடிபட்டது 14,650. அட்டவணையில் 14,000-ஐத் தொட்டவை நாற்பதில் இரண்டே இரண்டு லாட். பாதிக்கு மேல் 12,000-க்குக் கீழேதான் போயிருக்கிறது. உச்ச விலை பொய்யில்லை, ஆனால் அது சந்தையும் இல்லை.

அதைவிடச் சுவாரசியம் நடுவில் இருக்கிறது. நிகழ்வெண்கள் 3, 9, 6, 4, 10, 6, 2 என்று போகின்றன. ஒரு தடவை ஏறி, இறங்கி, மறுபடி ஏறி இறங்குகின்றன. ஒன்பதாயிரத்தில் ஒரு மேடு, பன்னிரண்டாயிரத்தில் இன்னொரு மேடு, இடையில் பதினோராயிரத்தில் பள்ளம். இப்படி இரண்டு மேடு தெரிந்தால், இரண்டு வேறு சரக்கை ஒரே பட்டியலில் கொட்டிவிட்டோமா என்று சந்தேகப்பட வேண்டும். விரலியும் கிழங்கும் கலந்திருக்கலாம். போன வருடம் இருப்பு வைத்த மஞ்சளும் இந்த வருடப் புது மஞ்சளும் சேர்ந்திருக்கலாம். எது என்று அட்டவணை சொல்லாது, போய்ப் பார் என்று மட்டும் சொல்லும். செப்பனிடாத நாற்பது எண்ணில் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

அந்த 'கூட்டி இரண்டால் வகுத்த' கணக்கையும் இப்போது சோதித்துப் பார்க்கலாம். 8,850-ஐயும் 14,650-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 11,750. அந்த விலை விழுகிற பிரிவு பதினோராயிரம். அங்கே இருப்பது நான்கு லாட். "நடுத்தரமாக் கிடைக்கும்" என்று நம்பிய விலையில் அதிகம் பேர் விற்கவில்லை!

## அதே எண்கள், வேறு கதை

இனி வருவதுதான் பள்ளியில் யாரும் சொல்லாத பகுதி. இந்த நாற்பது எண்ணில் ஒன்றைக்கூட மாற்றாமல், பிரிவு அளவை 2,000 ஆக்கி, 7,000-ல் தொடங்கினால் இப்படி வரும்:

| விலைப் பிரிவு (ரூபாய்) | நிகழ்வெண் (லாட்) |
|---|---|
| 7,000–9,000 | 3 |
| 9,000–11,000 | 15 |
| 11,000–13,000 | 14 |
| 13,000–15,000 | 8 |

பள்ளம் எங்கே? காணோம். ஏறி இறங்கும் ஒரே மேடு, அதுவும் விலை குறைந்த பக்கம் சாய்ந்தது. ஏனென்றால் பள்ளமாக இருந்த பதினோராயிரம் இப்போது பன்னிரண்டாயிரத்தின் பெரிய மேட்டோடு ஒரே கட்டத்துக்குள் போய்விட்டது.

அதே 2,000 அளவை வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் 8,000-க்கு நகர்த்தினால் 12, 10, 16, 2 என்று வருகிறது. இரண்டு மேடும் திரும்பி வந்துவிட்டன, உயர்ந்த மேடு விலை கூடின பக்கம். 7,000-ல் தொடங்கிய அட்டவணையைப் பார்த்தவர் "பெரும்பாலும் ஒன்பது பத்துக்குத்தான் போச்சு" என்பார். 8,000-ல் தொடங்கியதைப் பார்த்தவர் "பன்னிரண்டுக்கு மேலதான் நிறையப் போச்சு" என்பார். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே நாற்பது லாட்.

இதில் யாரும் திருட்டுக் கணக்கு எழுதவில்லை. பிரிவு அளவும் தொடங்கும் இடமும் நாம் எடுக்கும் முடிவுகள், தரவுக்குள் இருந்து தானாக வருபவை அல்ல. அதனால் என் அபிப்பிராயம் இது: ஒரே அட்டவணையோடு நிறுத்தாமல், அளவையும் தொடக்கத்தையும் மாற்றி இரண்டு மூன்று போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் தெரிகிற வடிவத்தை நம்பலாம். ஒன்றில் மட்டும் தலைகாட்டி மற்றதில் மறைகிற மேட்டைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நம் உதாரணத்தில் 8,500-ல் தொடங்கி 500 ரூபாய் அளவு வைத்தால் 3, 4, 5, 4, 2, 2, 2, 6, 4, 4, 2, 1, 1 என்று வரும். அங்கேயும் இரண்டு மேடுதான். ஆக, பள்ளம் நிஜம். 7,000-ல் தொடங்கிய அட்டவணைதான் அதை மூடி மறைத்தது.

சுருக்கமாக: எண்ணுவது இயந்திர வேலை, வெட்டுவது யோசனை வேலை. யாராவது அட்டவணையை நீட்டினால் முதலில் நிகழ்வெண்ணைப் பார்க்காமல் இடது பக்கப் பத்தியைப் பாருங்கள்.

## அகலம் மாறும் பிரிவுகள்

அந்த இடது பத்தியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எல்லாப் பிரிவும் ஒரே அகலமா என்பது. நம் முதல் அட்டவணையில் யாரோ பத்தாயிரத்தையும் பதினோராயிரத்தையும் ஒன்றாக்கி 10,000–12,000 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 லாட். அடுத்த வரி 12,000–13,000, அதிலும் 10 லாட். இரண்டும் சமம் என்றே கண் சொல்லும். முதல் பத்து 2,000 ரூபாய் அகலத்தில் பரவிக் கிடக்கிறது, இரண்டாவது பத்து 1,000 ரூபாய்க்குள் நெருக்கியடிக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை என்று பார்த்தால் 5-க்கு 10. அகலம் வேறாக இருக்கும்போது நிகழ்வெண்ணை அகலத்தால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும். படமாக வரையும்போதும் இதே நியாயம்தான்: கட்டைகளை இடைவெளி விடாமல் ஒட்டி வரையும் நிகழ்வு செவ்வகப் படத்தில் கட்டையின் பரப்பு பேச வேண்டும், உயரம் அல்ல.

அகலம் மாறுவது எப்போதுமே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1662-ல் லண்டன் சாவுப் பதிவுகளை வைத்து ஜான் கிரான்ட் போட்ட வயது அட்டவணையில் முதல் பிரிவு ஆறு வருடம், அதற்கு அடுத்தவை பத்துப் பத்து வருடம். நூறு பேர் பிறந்தால் அந்த முதல் ஆறு வருடத்துக்குள்ளேயே 36 பேர் இறப்பார்கள் என்பது அவர் கணக்கு. அவ்வளவு சாவு நடக்கிற இடத்தைத் தனியாக நெருங்கிப் பார்க்கக் காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் மாற்றுவதுதான் வம்பு.

"13,000-க்கு மேல்" என்று ஒரு முனையைத் திறந்து விடும் பிரிவும் அடிக்கடி கண்ணில் படும். படிக்கச் சுலபம். ஆனால் அது 15,000-ல் முடிகிறதா 25,000-ல் முடிகிறதா என்று தெரியாததால் அதை வைத்துச் சராசரி கணக்கிட முடியாது.

## சராசரி கிடைக்குமா?

கிடைக்கும், தோராயமாக. ஒன்பதாயிரப் பிரிவில் 9 லாட் இருப்பது தெரியும். ஒவ்வொன்றும் என்ன விலை என்பது அட்டவணையில் இல்லை. எல்லாம் 9,100 ஆகவும் இருக்கலாம், 9,900 ஆகவும் இருக்கலாம். ஆகவே நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது பிரிவின் மையப்புள்ளி. 9,000–10,000-க்கு அது 9,500.

ஒவ்வொரு மையப்புள்ளியையும் அதன் நிகழ்வெண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் 4,55,000. நாற்பதால் வகுத்தால் 11,375 ரூபாய். செப்பனிடாத நாற்பது விலையையும் நேராகக் கூட்டினால் 4,54,161 வரும், சராசரி 11,354. வித்தியாசம் இருபத்தொரு ரூபாய். மேலே போனவையும் கீழே போனவையும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டதால் இவ்வளவு நெருக்கம். எப்போதும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. மூலப் பட்டியல் கையில் இருக்கும்போது அட்டவணையில் இருந்து சராசரி எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அட்டவணை போட்டாயிற்று என்று பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள். அட்டவணையில் இருந்து பட்டியலுக்குத் திரும்பிப் போக வழியே கிடையாது.

இந்தச் சராசரியும் போய் விழுகிற இடம் அதே பதினோராயிரத்துப் பள்ளம்தான். இரண்டு மேடு உள்ள சந்தைக்கு ஒரே சராசரியைச் சொல்வது யாருக்கும் உதவாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் எண்ணியது லாட்டை, மூட்டையை அல்ல. ஒரு லாட்டில் ஐந்து மூட்டை இருக்கும், இன்னொன்றில் ஐம்பது. 14,650-க்குப் போனது ஐந்து மூட்டை லாட்டாக இருந்தால், மூட்டைக் கணக்கில் அதன் பங்கு இன்னும் சுருங்கிவிடும். எத்தனை விவசாயிக்கு என்ன விலை கிடைத்தது என்று கேட்டால் லாட்டை எண்ணுங்கள். எவ்வளவு சரக்கு என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் கோடு போடும் இடத்தில் மூட்டையை எழுதுங்கள். அட்டவணையின் தலைப்பிலேயே எதை எண்ணினோம் என்று இருக்க வேண்டும்.

## கணினியில் போடும்போது

இந்த வேலையை இப்போது எக்செல் போன்ற மென்பொருளில் செய்கிறவர்கள்தான் அதிகம். அதில் ஃபிரீக்வன்சி என்றொரு கட்டளை இருக்கிறது. மேல் எல்லைகளை 9,000, 10,000, 11,000 என்று வரிசையாகக் கொடுத்தால் ஒரு நொடியில் எண்ணிக் கொடுத்துவிடும். கையில் போட்ட அட்டவணையோடு ஒப்பிட்டால் மட்டும் இடிக்கும்: 3, 10, 5, 5, 9, 6, 2 என்று வரும்.

கணினி தப்பாக எண்ணவில்லை. அந்தக் கட்டளையின் ஏற்பாட்டில் மேல் எல்லை உள்ளே இருக்கிறது. அதனால் நம்முடைய 10,000 ரூபாய் லாட் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது, 12,000 ரூபாய் லாட்டும் அப்படியே. நம் விலைகள் எல்லாம் முழு ரூபாய் என்பதால், எல்லைகளை 8,999, 9,999, 10,999 என்று கொடுத்துவிட்டால் போதும், 3, 9, 6, 4, 10, 6, 2 என்று கைக்கணக்கோடு ஒத்துப்போகும்.